பயிர் தந்த பெயர்களும் பெயரில்லா உழவர்களும்

ஊராலும், தொழிலாலும், தந்தை பெயராலும் குடும்பப் பெயர் அமைவது உலகெங்கும் உள்ள வழக்கம். பயிராலும் மரத்தாலும் அமைந்த குடும்பப் பெயர்களும் பல நாடுகளில் உள்ளன. ஒரு குடும்பத்தின் முன்னோர் எதைப் பயிரிட்டனர், எந்த நிலத்தில் வாழ்ந்தனர் என்பதற்கு இப்பெயர்கள் இன்றும் சாட்சியாக நிற்கின்றன. மனிதருக்குப் பயிர் பெயர் தந்திருக்கிறது. ஆனால், பயிரைக் காத்த மனிதரின் பெயர் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்பதை விவசாயப் பெருமக்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.

கடலைப் பெயர் கொண்ட பேச்சாளர்

பண்டைய ரோமாபுரியில் புகழ்பெற்ற பேச்சாளராக விளங்கியவர் சிசரோ (கி.மு. 106–43). லத்தீன் மொழியில் 'சிசர்' என்றால் கொண்டைக்கடலை. அப்பயிரின் அறிவியல் பெயரிலும் இச்சொல்லே முதலில் நிற்கிறது. இவ்வாறே மொச்சையைப் போன்ற ஒருவகைப் பெரிய அவரையால் 'பேபியஸ்' என்ற பெயரும், மைசூர்ப் பருப்பால் 'லெண்டுலஸ்' என்ற பெயரும் அமைந்தன. அந்தந்தப் பயிரைப் பிறரைவிடச் சிறப்பாக விளைவித்த காரணத்தால்தான் இக்குடும்பங்களுக்கு இப்பெயர்கள் வந்தன என்று, கி.பி. 79-ல் மறைந்த ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்துள்ளார். சிசரோவின் முன்னோர் ஒருவரது மூக்கு நுனி கடலையைப் போலப் பிளந்திருந்ததே காரணம் என்பது புளூடார்க் தரும் விளக்கம்.

காரணம் எதுவாயினும், சிசரோ நடந்துகொண்ட முறை நினைவில் வைக்கத்தக்கது. அவர் அரசியலில் நுழைந்தபோது, இப்பெயர் மதிப்பாக இல்லை, மாற்றிக்கொள்ளுங்கள் என்று நண்பர்கள் கூறினர். அவர் மறுத்தார். அப்பெயரையே பெருங்குடும்பங்களின் பெயர்களைவிடப் புகழ்பெறச் செய்து காட்டுவதாகக் கூறினார். பின்னர் சிசிலித் தீவில் அதிகாரியாக இருந்தபோது கோயிலுக்கு ஒரு வெள்ளிப் பாத்திரம் காணிக்கை அளித்தார். அதில் தம் பெயரின் முதலிரு பகுதிகளை எழுத்தில் பொறித்து, மூன்றாவதற்குப் பதிலாக ஒரு கடலையைச் செதுக்கச் செய்தார் என்கிறார் புளூடார்க். பயிர்த்தொழிலைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படும் இளைஞர்களுக்கு இது நல்ல பாடம்.

வயலும் மரமும்

ஜப்பானில் நெடுங்காலம் சாதாரண மக்கள் குடும்பப் பெயரை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்த உரிமை இல்லாதிருந்தது. 1870-ல் அந்த உரிமை வழங்கப்பட்டது; 1875-ல் குடும்பப் பெயர் கட்டாயமாக்கப்பட்டது. வழக்கில் இருந்த பெயரைச் சிலர் பதிந்தனர். சிலர் புதிதாகச் சூட்டிக்கொண்டனர். தனாகா என்றால் வயலின் நடு, இனாடா என்றால் நெல் வயல், குரிடா என்றால் செஸ்ட்நட் மரங்கள் நிற்கும் வயல், குவாபாரா என்றால் முசுக்கொட்டைச் செடிகள் நிறைந்த வெளி எனப் பொருள்படும். நெல்லும் பட்டும் அந்நாட்டின் வாழ்வில் பெற்றிருந்த இடத்தை இப்பெயர்களே எடுத்துக் கூறுகின்றன.

சுவீடன் நாட்டில் மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் சேரும்போது குடும்பப் பெயர் தேவைப்பட்டது. தம் குடும்ப நிலத்தில் ஓங்கி நின்ற லிண்டன் மரத்தை நினைத்து 'லின்னேயஸ்' என்று அவர் வைத்துக்கொண்டார். அவருடைய மகனே தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை 1753-ல் நிலைநாட்டிய கார்ல் லின்னேயஸ். நெல்லுக்கு 'ஒரைசா சட்டைவா' என்று பெயரிட்டவரும் இவரே. மரத்திடம் பெயர் பெற்ற குடும்பம், உலகத் தாவரங்களுக்கெல்லாம் பெயர் தந்தது.

பெயருடன் வரும் கடமை

இந்தியாவிலும் இம்மரபு உண்டு. சோட்டா நாகபுரிப் பகுதியில் வாழும் ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழி, தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்களிடையே 'கெஸ்' என்ற குலப்பெயர் நெல்லையும், 'குஜூர்' என்பது ஒரு கொடியையும் குறிக்கும். குலப்பெயராக அமைந்த செடியையோ உயிரினத்தையோ அழிக்கக்கூடாது என்பது அவர்களின் பழைய கட்டுப்பாடு. பெயரைத் தாங்கியவருக்கு அதைக் காக்கும் பொறுப்பும் உண்டு என்பது இதன் கருத்து.

பயிர் இல்லாத இடத்திலும் பெயர் நிலைப்பதுண்டு. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகத் தூத்துக்குடிக் கடற்கரைக்கும் இலங்கைக்கும் வந்த பெயர் பெரைரா. இலங்கையில் அது பெரேரா ஆயிற்று. இதற்குப் பேரி மரம் என்று பொருள். வெப்பம் மிகுந்த அக்கடற்கரையில் பேரி விளைவதில்லை. பெயர் மட்டும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது.

விதைக்கு யார் பெயர்?

நம் நெல் ரகங்களைப் பார்ப்போம். கோ என்றால் கோயம்புத்தூர், ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை. ரகத்தின் பெயரில் ஆராய்ச்சி நிலையமும் எண்ணும் உள்ளன. இது முறையானதே. ஆனால் மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா போன்ற பாரம்பரிய ரகங்களைத் தேர்ந்தெடுத்து, பல தலைமுறைகள் காத்துத் தந்த உழவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிறு விவசாயி தாதாஜி கோப்ரகடே. 1980-களில் தம் வயலில் வேறுபட்டு நின்ற சில நெற்கதிர்களைத் தனியே பறித்துப் பெருக்கி, ஒரு சன்ன ரகத்தை உருவாக்கினார். அந்த ரகம் பரவியது. ஆனால் அதற்கு அமைந்த பெயரோ, அக்காலத்தில் மக்கள் விரும்பி அணிந்த எச்.எம்.டி. கைக்கடிகாரத்தின் பெயர். உருவாக்கியவரின் பெயரை அறியாமலேயே பலர் அதைப் பயிரிட்டனர். அவர் 2018-ல் மறைந்தார்.

'பெயரால் வயிறு நிறையுமா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெயர் பதிவானால்தான் உரிமை நிலைக்கும். பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 உழவர்களும் தங்கள் ரகத்தைப் பதிவு செய்துகொள்ள வழி செய்துள்ளது. மற்றவர் தம்முடையது என உரிமை கோருமுன், ரகத்தைக் காத்தவர் முந்திக்கொள்வதே அறிவுடைமை.

இதற்கு முதற்படி எளிது. ரகத்தின் உள்ளூர்ப் பெயர், யாரிடமிருந்து விதை வந்தது, எத்தனை ஆண்டுகளாகப் பயிரிடப்படுகிறது, வயது, பயிரின் உயரம், கதிரின் தோற்றம், அரிசியின் நிறம், வறட்சியையும் பூச்சி நோயையும் தாங்கும் தன்மை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பட்டத்திலும் எழுதி வரவேண்டும். கலப்பின்றி விதை எடுத்து, நன்கு உலர்த்தித் தனியே சேமிக்க வேண்டும். பின்னர் அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, வேளாண்மைத் துறை அலுவலரையோ அணுகிப் பதிவு செய்யும் முறையைக் கேட்டறியலாம். உழவரைத் தேடிச் சென்று இப்பணியில் உதவுவது விரிவாக்கப் பணியாளர்களின் கடமையாகும்.

ரோமாபுரியில் நன்கு விளைவித்தவர் பயிரின் பெயரைப் பெற்றார். இங்கே நல்ல விதையைக் காப்பவரின் பெயர் அந்த விதையோடு சேர்ந்து பதிவாக வேண்டும். இந்தப் பட்டத்திலேயே அதற்கான முதல் வரியை எழுதத் தொடங்கலாம்.