நின்ற இடத்தில் நிற்கும் உரிமை

மொழிபெயர்க்கும்போது சில தொடர்கள் முரண்டு பிடிக்கும். 'ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்' அப்படியொன்று. ஃப்ளோரிடா மாநிலம் 2005இல் இயற்றிய சட்டத்தின் செல்லப்பெயர். உயிருக்கு ஆபத்து என நியாயமாக அஞ்சுபவர் பின்வாங்க வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே சுடலாம்.

2012 பிப்ரவரி 26. சான்ஃபோர்ட் நகரில் 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் ட்ரேவான் மார்ட்டின் மிட்டாயும் பானமும் வாங்கிக்கொண்டு இரவு மழையில் நடந்து வந்தான். குடியிருப்பின் கண்காணிப்புத் தன்னார்வலர் ஜார்ஜ் ஜிம்மர்மன் சந்தேகப்பட்டு போலீசுக்கு ஃபோன் செய்தார். பின்தொடர்கிறேன் என்றார். அது தேவையில்லை என்றது மறுமுனை. பிறகு கைகலப்பு, ஒரே குண்டு. தற்காப்பு என்று அவர் சொன்னதால் ஆறு வாரங்கள் கைது இல்லை.

ஜிம்மர்மனின் மூக்கிலும் பின்மண்டையிலும் காயங்கள் இருந்தன. அதை மறைப்பதற்கில்லை. 2013 ஜூலையில் ஆறு பெண்கள் கொண்ட ஜூரி அவரை விடுவித்ததில் சட்டப்படி பெரிய வியப்பும் இல்லை. உறுத்துவது வேறு. தோற்றத்தை வைத்து சந்தேகித்தார் என்று அரசுத் தரப்பு சொல்லலாம், இனத்தை வைத்து என்று சொல்லக் கூடாது என்று நீதிபதி வரையறுத்திருந்தார். தோற்றத்திலிருந்து நிறத்தைக் கழித்தால் மிஞ்சுவது தலையை மூடிய மேலாடைதான். மழையில் யாரும் தலையை மூடுவார்கள்.

இருட்டில் முன்பின் தெரியாத ஆள் துரத்தினால் அந்தப் பையனுக்கு அச்சம் வந்திருக்காதா? அவன் கையில் ஆயுதம் இருந்திருந்தால் அவனும் அதே நடைபாதையில் நின்று சுட்டிருக்கலாமா என்று அன்றைய அதிபர் ஒபாமாவும் கேட்டார்.

2017இல் ஃப்ளோரிடா சட்டத்தைத் திருத்தியது. விசாரணைக்கு முந்தைய கட்டத்தில், நடந்தது தற்காப்பு அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை அரசுத் தரப்பின் தலையில் வைத்தது.