ரஸ்துக்களண்டையில் இருந்தவர்களின் பங்கு



இந்த வாரத் தியானத்திற்கு முன்பாக 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தை முழுவதும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். அது எரிந்துபோன ஓர் ஊரின் வரலாறு. தாவீதும் அவனோடிருந்த மனிதரும் பிறருடைய யுத்தத்திற்கென்று புறப்பட்டுப் போய்த் திரும்பி வருகையில், அவர்களுடைய சொந்த ஊராகிய சிக்லாகு அக்கினிக்கு இரையாகிக் கிடந்தது. மனைவிமாரும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்பட்டுப் போயிருந்தார்கள். அழுது ஓய்ந்த பின்பு 600 பேர் அமலேக்கியரைத் தொடர்ந்தார்கள். அவர்களில் 200 பேர் விடாய்த்துப்போய்ப் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றுவிட, 400 பேர் போய் யாவற்றையும் மீட்டுக்கொண்டு வந்தார்கள். வழக்கு எழுந்தது அதற்குப் பிறகுதான். கரையில் நின்றவர்களுக்குப் பங்கு கொடுக்கக் கூடாது, அவரவர் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு போகட்டும் என்று போய்வந்தவர்களில் சிலர் வாதாடினார்கள். தாவீது அந்த வாதத்தை ஏற்கவில்லை. போனவனுக்கும் ரஸ்துக்களைக் காத்து நின்றவனுக்கும் சமபங்கு என்று தீர்ப்புச் செய்து, அதை இஸ்ரவேலில் ஒரு கட்டளையாகவே ஏற்படுத்தினான். (ரஸ்து என்பது நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் நிற்கும் சொல், பயணத்தின் உணவையும் சாமான்களையும் குறிக்கும். இளைஞர் பலர் கேட்பதால் சொல்லி வைக்கிறேன்.)

அந்தக் கட்டளையை நாம் கைவிட்டுவிட்டோம் என்பதே இந்த வாரம் நான் வைக்கும் குற்றச்சாட்டு. அதற்குச் சாட்சியாக, நம் நடுவிலும் நம் அண்டையிலும் வாழ்கிற தன்னார்வத் தீயணைப்புத் தொண்டர்களின் வீடுகளை நிறுத்துகிறேன்.

நாம் குடியேறியிருக்கும் இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் காட்டுத்தீயை அணைக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். ரூரல் ஃபயர் சர்வீஸ் என்னும் அமைப்பில் 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள். மாநிலத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 95 சதவீதம் அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. 1896-இல் பெரிகன் என்னும் சிற்றூரின் மக்கள் தாங்களே கூடி ஏற்படுத்திய பிரிகேடிலிருந்து வளர்ந்து வந்த வழக்கம் இது. மஞ்சள் அங்கி அணிந்து செவ்வண்டியில் ஏறிப் போகிறவர் பகலில் மின்பணியாளராகவோ, ஆசிரியராகவோ, கணக்கராகவோ, பால்பண்ணைக்காரராகவோ இருப்பார். தீயின் நடுவே நின்ற இரவுக்கு மறுநாள் காலையில் அவர் மீண்டும் அந்த வேலைக்குப் போயாக வேண்டும்.

அவருடைய வீட்டுக்குள் உங்களைச் சற்று அழைத்துப் போகிறேன். அழைப்பு கைப்பேசியில் வருகிறது. விக்டோரியா மாநிலத்தில் பேஜரில் வருகிறது. இரவு 2 மணிக்கு அது அலறும்போது எழுந்து போகிறவர் ஒருவர், விழித்துக்கொள்கிறவர்கள் இருவர். தொட்டிலில் குழந்தை இருந்தால் மூவர். காலணியும் அங்கியும் கதவருகே ஆயத்தமாக இருக்கும். வாகனம் தெருவை நோக்கியே நிறுத்தப்பட்டிருக்கும். திருமண விருந்துக்கோ ஆராதனைக்கோ போவதானால் இரண்டு வாகனங்களில் போவார்கள். நடுவே அவர் எழுந்து போக நேரிட்டால் மனைவியும் பிள்ளைகளும் வீடு திரும்ப வேண்டுமே. முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் மனைவி காலையிலேயே வானத்தின் நிறத்தையும் காற்றின் திசையையும் பார்த்துவிட்டு, அன்றைய சமையல், பள்ளிக்கூடம், முதியவரின் மருத்துவச் சந்திப்பு எல்லாவற்றையும் தனியாளாகச் செய்வதாகவே எண்ணித் திட்டமிடுகிறாள். அவர் போகாமலே போகலாம். ஆனாலும் திட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அவர் திரும்பி வருகிறார். புகை நாறும் துணிகளைப் பிள்ளைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வகையில் சேர்த்திருக்கிறது. அந்தத் துணிமூட்டையை வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்கிறவள் யார்? அழைப்புகள் எல்லாம் காட்டுத்தீயும் அல்ல. நெடுஞ்சாலையில் கவிழ்ந்த காரிலிருந்து உடலை எடுக்கும் வேளையும் உண்டு. சிறிய ஊரில் அந்த உடல் அறிந்த முகமாகவும் இருக்கும். அன்றிரவு உணவு மேசையில் அவர் ஒன்றும் பேசமாட்டார். அந்த மௌனத்தோடு வாரக்கணக்கில் குடும்பம் நடத்துகிறவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் எவருமில்லை. அவளுக்குப் பதக்கமும் இல்லை. (மனைவி தீயணைக்கப் போய்க் கணவர் வீட்டிலிருக்கும் குடும்பங்களும் உண்டு. வழக்கு அங்கும் இதுவே. நான் மிகுதியாகக் காண்பதை வைத்து எழுதுகிறேன்.)

இப்படிப்பட்ட வீட்டுக்கு நாம் என்ன செய்கிறோம்? கைதட்டுகிறோம். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை முன்னே அழைத்து நிறுத்தி, வீரர் என்றும் தியாகி என்றும் சொல்லி, சபையார் எழுந்து நின்று ஜெபிக்கிறோம். பின்வரிசையில் அழுகிற குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று பேசோர் ஆற்றங்கரையில் வாதாடியவர்களின் குரல் அங்கே கேட்கிறது: போனவனுக்கே பங்கு. அவர்கள் அதைக் கடுமையாகச் சொன்னார்கள். நாம் புன்னகையோடு சொல்கிறோம்.

2019-20 கோடையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இந்த மாநிலத்தில் மட்டும் 55 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்தது. 2,448 வீடுகள் அழிந்தன. பிறர் வீடுகளைக் காக்கப் போன தொண்டர்களில் சிலர் தங்கள் சொந்த வீட்டையே இழந்தார்கள். சிக்லாகின் வரலாறு நம் காலத்திலும் நடந்தது. 2019 டிசம்பர் 19 அன்று பக்ஸ்டன் அருகே மரம் விழுந்து வண்டி கவிழ்ந்ததில், நமக்கு அண்டையிலுள்ள ஹார்ஸ்லி பார்க் பிரிகேடைச் சேர்ந்த இருவர் மாண்டனர். இருவருமே சிறு குழந்தைகளின் தகப்பன்மார். டிசம்பர் 30 அன்று ஜிஞ்செலிக் அருகே, தீ எழுப்பிய சுழற்காற்றில் வண்டி புரண்டு மற்றொரு தொண்டர் மாண்டார். அவருடைய மனைவி முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஜனவரியில் ஓர் அடக்க ஆராதனையில், வாயில் சூப்பானோடு நின்ற குழந்தையின் சட்டையில் தகப்பனுக்குரிய பதக்கத்தைக் குத்தினார்கள். உலகமே அந்தப் படத்தைப் பார்த்து அழுதது. மரணம் நேர்ந்தபோது நாம் மலர்களோடு வந்தோம். மரணம் நேராத ஆயிரம் இரவுகளில் நாம் எங்கே இருந்தோம்?

அந்த டிசம்பரில் இந்த நாட்டின் பிரதமர், தொண்டர்கள் களைத்திருந்தாலும் களத்தில் நிற்கவே விரும்புகிறார்கள் என்ற பொருள்பட ஒரு மறுமொழி சொன்னார். அவர் சொன்னது பொய்யன்று. அவர்கள் விரும்பித்தான் நிற்கிறார்கள். ஆனால் ஒருவன் விரும்பிச் சுமக்கிறான் என்பதால் சுமையின் எடை குறைந்துவிடாது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனின் கடமையும் தீர்ந்துவிடாது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்த பிறகு அதே மாதத்தின் முடிவில் அரசு ஓர் உதவித்தொகையை அறிவித்தது: சுயதொழில் செய்கிறவர்களுக்கும் சிறிய, நடுத்தர நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கும், 10 நாட்களுக்கு மேல் களத்தில் நின்றிருந்தால், நாளொன்றுக்கு 300 டாலர், உச்சவரம்பு 6,000 டாலர். நல்லதே. ஆயினும் அந்தக் கணக்கில் யார் இருந்தார் என்று பாருங்கள். போனவர் இழந்த கூலி எண்ணப்பட்டது. அவர் போனதால் தன் வேலை நேரத்தை விட்டுக்கொடுத்து வீட்டில் நின்றவளின் கூலியை எண்ணுவதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. அரசாங்கத்திற்குத் தாவீதின் கட்டளை தெரியாமல் இருக்கலாம். சபைக்குத் தெரியாதென்று சொல்ல முடியுமா?

நம்மில் வேறொரு கூட்டத்தாரும் உண்டு. அவர்கள் கைதட்டுவதுமில்லை. அந்தச் சகோதரர் ஏன் ஞாயிறுதோறும் வருவதில்லை, வண்டியைப் பழுது பார்ப்பதும் பயிற்சி செய்வதும் ஊழியமாகுமா என்று வாசலில் நின்று கேட்கிறார்கள். ஓய்வுநாளில் துரவில் விழுந்த எருதைக் குறித்து இயேசு பரிசேயரிடம் கேட்ட கேள்வியை லூக்கா 14-இல் வாசித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இவர்களுக்காக இடம் செலவழிக்க எனக்கு மனமில்லை.

இப்பொழுது, தொண்டராகிய சகோதரரே, உம்மிடமும் பேச வேண்டும். உம்மை மதிக்கிறேன், ஆகையால் ஒளிக்காமல் பேசுகிறேன். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கொர்பான் என்னும் வழக்கத்தைக் கண்டித்தார். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் அது. பரிசுத்தமான ஒரு சொல்லை முன்னே வைத்து அதன் பின்னே ஒளிந்துகொள்ளலாம். பேஜரும் கொர்பானாகலாம். தீக்களத்தில் கட்டளை தெளிவாக இருக்கிறது, தோழர் இருக்கிறார்கள், வேலை முடிந்ததும் நன்றி சொல்கிறார்கள். வீட்டிலோ முடியாத கணக்கும், பதின்வயது மகனின் முறுமுறுப்பும், மனைவியோடு பேசித் தீர்க்காத வார்த்தையும் காத்திருக்கின்றன. எது எளிது என்று உமக்குத் தெரியும். கட்டாயமில்லாத அழைப்புக்கும் முதல் ஆளாக ஓடுகிறவர் எதை நோக்கி ஓடுகிறார், எதைவிட்டு ஓடுகிறார் என்பதைக் கர்த்தருடைய சமுகத்தில் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் ஒரு பிரமாணம் உண்டு. புதிதாக விவாகம் செய்தவன் ஒரு வருஷம் யுத்தத்திற்குப் போகாமல் வீட்டில் தங்கித் தன் மனைவியை மகிழ்விக்க வேண்டும். தேசத்தின் பாதுகாப்பைவிட ஒரு பெண்ணின் சந்தோஷத்திற்கு ஒரு வருஷ முன்னுரிமை தருகிற பிரமாணம்! குழந்தை பிறந்த ஆண்டிலோ, மனைவியின் உடல்நலம் குன்றிய நாட்களிலோ பிரிகேடின் தலைவரிடம் போய், இந்தப் பருவத்திற்கு என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்பது பின்வாங்குதல் ஆகாது. பேசோர் ஆற்றங்கரையில் விடாய்த்து நின்றவர்களைத் தாவீது வெட்கப்படுத்தவில்லை. அவர்கள் சுகத்தை விசாரித்தான்.

தொழில் நடத்தும் சபையாருக்கும் ஒரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டப்படி, அவசரகாலத் தொண்டுக்குப் போகிறவருக்கு விடுப்பு எடுக்க உரிமை உண்டு. ஆனால் அந்த விடுப்புக்குச் சம்பளம் தரச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. வேலை நிலைக்கும், வாரக்கூலி நிற்கும். கடையும் ஒப்பந்தத் தொழிலும் வைத்திருக்கிற நீங்கள் ஆலயக் கூரைக்குக் காணிக்கை கொடுத்தீர்கள், பெயர்ப்பலகையும் மாட்டினோம். உங்களிடம் வேலை செய்யும் தொண்டர் தீக்களத்தில் நிற்கும் நாளுக்கு அவருடைய கூலியைப் பிடிக்காமல் கொடுங்கள். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது.

மற்றவர்களாகிய நமக்கோ வேலை இன்னும் எளிது. தீத்தடை நாளில் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, என்ன உதவி வேண்டும் என்று பொதுவாகக் கேட்காமல், 3 மணிக்குப் பள்ளியிலிருந்து உங்கள் பிள்ளைகளை நான் அழைத்து வருகிறேன், இரவு உணவும் என் வீட்டில்தான் என்று சொல்லுங்கள். எதுவும் வேண்டாம் என்றே அவள் முதலில் சொல்வாள். நம் பெண்கள் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் வாகனத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விடுங்கள். அவர் திரும்பி வந்த வாரத்தில் ஒரு மாலை குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அவ்விருவரும் தனியே உட்கார்ந்து பேச இடம் கொடுங்கள். அவள் அழுதால், வேதவசனம் சொல்லி அவள் வாயை அடைக்காதேயுங்கள்.

தீ அபாயக் காலம் அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கி மார்ச் முடிவு வரை நீடிக்கும் என்பதை அறிவீர்கள். அதற்கு முன்னே, வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்குச் சபை மண்டபத்தில் இதற்கென்றே கூடுகிறோம். தொண்டர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து வாருங்கள். அன்று முதலில் பேசப் போகிறவர்கள் வீட்டில் இருந்தவர்கள். குழந்தைகளை வாலிபர் ஐக்கியம் பார்த்துக்கொள்ளும்.