ஆன்மாக்களை விசாரிப்பவர்

பங்கொன்றின் பொறுப்பை ஏற்றிருக்கும் குருவானவரைக் குறிக்க ஆங்கில மொழியில் பல சொற்கள் வழங்குகின்றன. ரெக்டர், விகார், பார்சன், கியூரேட் என்பன அவற்றுட் சில. தமிழில் வாசிக்கும் நாம் இவை அனைத்தையும் 'பங்குத்தந்தை' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். ஆயினும் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

'ரெக்டர்' என்றால் ஆள்பவர், நெறிப்படுத்துபவர். 'விகார்' என்றால் இன்னொருவருக்குப் பதிலாக நிற்பவர். 'பார்சன்' என்பது ஆள் எனப் பொருள்படும் 'பெர்சோனா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆலயத்தின் சார்பில் சட்டத்தின் முன் நிற்கும் ஆளை அது குறித்தது. இம்மூன்றிலும் அதிகாரமும் உரிமையும் முன்னிற்கின்றன. 'கியூரேட்' என்ற சொல் மட்டும் வேறுவகையானது. அது 'கூரா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அக்கறை, கவலை, பராமரிப்பு என்பன அதன் பொருள். ஆன்மாக்களைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெற்றவரே கியூரேட். நோயைக் குணமாக்குவதைச் சுட்டும் 'கியூர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து முளைத்ததே. பங்குத்தந்தையை இன்றும் 'கியூரே' என்றே அழைக்கிறார்கள் பிரெஞ்சு மக்கள். 1818இல் ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டு, 1859இல் இறக்கும்வரை அங்கேயே மக்களின் ஆன்மாக்களுக்காக உழைத்த புனித ஜோன் மரிய வியான்னியை உலகம் அறிவது 'ஆர்ஸ் நகரின் கியூரே' என்ற பெயரால்தான்.

இங்கிலாந்தில் இச்சொல்லுக்கு நேர்ந்தது வேறு. தொடக்கத்தில் ஆன்மாக்களின் பொறுப்பாளர் எவரையும் குறித்த அச்சொல், நாளடைவில் உதவிக் குருவை மட்டும் குறிக்கலாயிற்று. பங்கின் வருமானம் ஒருவருக்குச் செல்ல, குறைந்த ஊதியத்தில் மக்களைத் தேடிச் செல்லும் வேலை கியூரேட்டின் தலையில் விழுந்த இடங்கள் பல. ஆன்மாக்களைப் பராமரிக்கும் கடமையின்றி வருமானம் மட்டும் தந்த திருச்சபைப் பதவிகளும் அக்காலத்தில் இருந்தன. வேலையில்லாமற் சம்பளம் தரும் பதவியை இன்று ஆங்கிலத்தில் 'சைனிகியூர்' என்கிறோமே, அச்சொல் அங்கிருந்துதான் வந்தது. 'கூரா இல்லாத' என்பதே அதன் நேர்ப்பொருள். பராமரிப்பு நீங்கினால் பதவியில் எஞ்சுவது எது என்பதை ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிட்டது.

தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கில் இதற்கு இணையான அழகிய சொல்லொன்று உண்டு. நம் முன்னோர் பங்குத்தந்தையை 'விசாரணைக் குரு' என்றே அழைத்தனர். விசாரணை என்றதும் இன்று பொலிஸ் நிலையமும் நீதிமன்றமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நலம் விசாரிப்பதும் விசாரணையே. வீட்டில் யாருக்குச் சுகமில்லை, எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிட்டது, யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள் என்று கேட்டறிந்து ஆவன செய்பவரே விசாரணைக் குரு. 'கூரா'வின் முழுப்பொருளும் இச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

இதன் உருவத்தைக் காண நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. கோவாவில் 1651இல் பிறந்து, 1687இல் இலங்கைக்கு வந்த புனித ஜோசப் வாஸ் அடிகளார், 1692இல் கண்டியை அடைந்தபோது உளவாளி எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. இயன்றவர்கள் நகரைவிட்டு ஓடினர், அடிகளார் தங்கினார். கைவிடப்பட்டோரைத் தேடிப்போய்க் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். அவர்களுடைய சமயம் எதுவெனப் பார்க்கவில்லை. கொச்சி ஆயரின் நியமனத்தால் அவர் இந்நாட்டின் விகார் ஜெனரல் என்ற பட்டத்தைப் பெற்றிருந்தார். எனினும் 1711இல் கண்டியிலேயே உயிர்நீத்த அவரை மக்கள் நினைவுகூர்வது அப்பட்டத்திற்காக அன்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, திருச்சபை போற்றியது அந்த விசாரிப்பையே.

இனி, நமது நிலையைப் பார்ப்போம். கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருவீதியில் அக்குறணையைக் கடந்தால் அலவத்துகொட. இத்தகைய சிற்றூர்களிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் அடர்த்தியாக வாழ்வதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியே வாழ்கின்றன. 'பாரிஷ்' என்ற சொல்லின் கிரேக்க மூலமான 'பரோய்க்கியா'வுக்கு அந்நியராய்த் தங்கியிருத்தல் என்பது பொருள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை முழுத் தீர்வுக்காகக் காத்திருந்த மலையக மக்களுக்கு அச்சொல்லின் வலியை எவரும் விளக்கவேண்டியதில்லை. ஏழைகளையும் தனித்திருப்போரையும் தாயகத்தை இழந்தோரையும் பங்குத்தந்தை சிறப்பாகத் தேடிச்செல்ல வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 529ஆம் இலக்கத்தில் பணிக்கிறது. அப்பணிப்பு நம்மைப் போன்றோரை மனதிற்கொண்டு எழுதப்பட்டதாகவே தோன்றுகிறது.

ஆனால், பங்குத்தந்தையை நாம் எதற்காகத் தேடுகிறோம்? திருமுழுக்குச் சான்றிதழுக்கு, திருமண ஓலைக்கு, பாடசாலை அனுமதிக் கடிதத்துக்கு, திருவிழா ஏற்பாட்டுக்கு. கையொப்பமும் முத்திரையும் கிடைத்ததும் திரும்பிவிடுகிறோம். பின்னர், "சுவாமி எங்கள் வீட்டுப் பக்கம் வருவதேயில்லை" என்று குறைகூறுகிறோம். குறையில் உண்மை இருக்கலாம். வீடு சந்திப்பதைக் கட்டட வேலைக்கும் கூட்டங்களுக்கும் பின்தள்ளும் குருவானவர், தம் பெயரின் பொருளையே பின்தள்ளுகிறார். அதைப் பணிவோடு எடுத்துச்சொல்ல இறைமக்களுக்கு உரிமையும் உண்டு. ஆயினும் லயன் அறையொன்றில் முதியவர் ஒருவர் படுத்த படுக்கையாய் இருப்பதை அயல்வீட்டார் அறிவிக்காவிட்டால், தொலைவிலிருக்கும் குருவானவர் எவ்வாறு அறிவார்? நோயுற்றவர் திருச்சபையின் மூப்பரை அழைக்கட்டும் என்கிறது யாக்கோபின் திருமுகம். முதலில் அழைப்பு எழவேண்டும். எழுந்து அழைக்க முடியாதவருக்காக அழைக்கவேண்டியவர்கள் நாமே. நோயில் பூசுதல் இன்றி ஒருவர் கண்மூடினால், அக்கணக்கைக் குருவானவரிடம் மட்டும் கேட்பது நீதியாகாது.

தனியொருவனாய் மக்களின் சுமை முழுவதையும் தாங்கிய மோசேயிடம், பொறுப்பைப் பகிர்ந்துகொள் என்றார் அவருடைய மாமனார். 'பங்கு' என்ற நம் சொல்லும் பகிர்வையே குறிக்கிறது. பராமரிப்பில் பங்கெடுக்காதவர் பங்குமக்கள் என்ற பெயருக்கு எவ்வாறு உரியவராவார்? ஒவ்வொரு குடும்பமும் அயலிலுள்ள ஒரு குடும்பத்தின் நலத்தை வாரந்தோறும் விசாரிக்கட்டும். நோயாளர் பற்றிய செய்தியை உடனே பங்குத்தந்தைக்குச் சேர்ப்பிக்கட்டும். மறைக்கல்விக்கு வராத பிள்ளையைத் தேடி அழைத்துவரட்டும். அப்போது குருவானவரும் தம் பணியின் மையத்திற்குத் திரும்புவார்.

தம் ஆடுகளைப் பெயர்சொல்லி அழைக்கும் நல்லாயன் இயேசு, நம் குருக்களுக்கு விசாரிக்கும் இதயத்தையும், நமக்கு அவர்களோடு நடக்கும் கால்களையும் தந்தருள்வாராக. புனித ஜோசப் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக மன்றாடும்.