குடும்ப நலம்: கறுத்த பல்லில் அடைப்பு நிற்குமா?

சென்ற மாதம் நம் சங்கத்து மாதர் கூட்டம் முடிந்து விடைபெறும் தறுவாயில், சகோதரி ஒருவர் தம் ஐந்து வயது மகளை நம்மிடம் அழைத்து வந்து வாயைத் திறக்கச் சொன்னார். கடைவாய்ப் பால்பல் ஒன்று கரியெனக் கறுத்திருந்தது. “டாக்டர் ஏதோ மருந்தைத் தடவினார். இனி இதில் அடைப்பே ஒட்டாது என்கிறார் அடுத்த வீட்டு மாமி. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் மாமியாருக்கு என்ன பதில் சொல்வேன்?” என்று கண் கலங்கினார்.

அம்மருந்து சில்வர் டையமின் புளோரைடு. அதிலுள்ள வெள்ளி, சொத்தையின் கிருமிகளை மாய்க்கிறது. புளோரைடு, இளகிய பல்லை இறுகச் செய்கிறது. 1970-இல் ஜப்பானில் வழக்குக்கு வந்த இதனை, 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஊசியில்லை, குடையும் இயந்திரமில்லை. நாற்காலியைக் கண்டாலே அலறும் குழந்தைக்கு இதனினும் இதமான சிகிச்சை அரிது. கறுப்பது சொத்தைப் பகுதியே. நல்ல எனாமல் கறுப்பதில்லை.

இனி, ஒட்டுமா என்னும் வினா. மாமியின் கூற்றை அறவே தள்ளிவிடுவதற்கில்லை. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழாய்கள் எண்ணற்றவை உண்டு. பல்லின் நிறத்திலேயே வைக்கப்படும் காம்போசிட் என்னும் அடைப்பு, தன் பசையை அக்குழாய்களிலும் அவற்றைச் சூழ்ந்த நார்வலையிலும் இறக்கியே பிடிப்புக் கொள்கிறது. வெள்ளித் துகள்கள் அவ்வாயில்களை மூடியிருப்பின் பசை இறங்க இடர்ப்படும். ஆய்வுக்கூடச் சோதனைகள் சிலவற்றில் பிடிப்புக் குறைந்தது. வேறு சிலவற்றில் குறையவில்லை. மருந்திட்டபின் நீரால் நன்கு கழுவுவது அக்குறையைத் தணிக்கிறது.

கிளாஸ் அயனோமர் என்னும் சிமெண்டின் சங்கதி வேறு. அது பல்லிலுள்ள கால்சியத்தோடு இரசாயன முறையில் பிணைவது. ஆகவே மருந்து தடவிய பல்லிலும் அது பெரும்பாலும் வழக்கம்போலவே பிடிக்கிறது. சில டாக்டர்கள் அன்றே அடைக்கின்றனர். சிலர் ஓரிரு வாரம் பொறுத்து அடைக்கின்றனர். அடைப்புப் பெயர்ந்தால் மருந்தை மட்டும் பழிப்பதும் நியாயமன்று. வைக்கும்போது எச்சில் பட்டாலே போதும், பிடிப்புக் கெட்டுவிடும். திமிறும் குழந்தையின் வாயில் எச்சிலைத் தடுப்பதைவிட யானையைக் குளிப்பாட்டுவது எளிது!

இரவில் வலியால் விழித்தழும் குழந்தைக்கும், ஈறு வீங்கிச் சீழ் கட்டிய பல்லுக்கும் இம்மருந்து மட்டும் போதாது. வெள்ளி ஒவ்வாதவர்க்கு ஆகாது. நம்மவர்க்கோ இன்னொரு சங்கடம் உண்டு. உத்தியோக மாற்றத்தால், டில்லியில் மருந்திட்ட பல்லைக் கொல்கத்தாவில் அடைக்க நேரும். எந்தப் பல்லில், எந்த மருந்து, எந்தத் தேதியில் என்பதை ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த டாக்டர் பல்லை அதற்கேற்பப் பக்குவம் செய்துகொள்வார்.

அச்சகோதரியிடமும் இதையே சொன்னோம். சீட்டும் கிடைத்துவிட்டதாம்; வருகிற வியாழனன்று கிளாஸ் அயனோமர் வைக்கிறார்களாம். மாமியாருக்கு மட்டும் இன்னும் கடிதம் எழுதவில்லை.