நேற்றைய எண், இன்றைய மருந்து

'சிறுநீரகம் செயலிழந்துவிட்டது' என்ற வாக்கியத்தை நாம் எத்தனையோ முறை படித்துக் கடந்திருக்கிறோம். விளக்கை அணைத்தாற்போல் ஒரு நொடியில் முடிந்த காரியம் என்ற தோற்றத்தை அந்தச் சொல் தந்துவிடுகிறது. மருத்துவ உலகுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். 2000களின் மத்தியிலிருந்து 'திடீர்ச் செயலிழப்பு' என்ற பெயரை மெல்லக் கைவிட்டு, 'திடீர்ச் சிறுநீரகக் காயம்' என்று சொல்லத் தொடங்கினார்கள். காயம் என்றால் அது ஆழமாகலாம், ஆறவும் செய்யலாம். தமிழில் நாம் இன்னும் பழைய சொல்லிலேயே நிற்கிறோம்.

சொல்லைப் பற்றிய இந்தக் கவலை வெறும் மொழிக்கவலை இல்லை. காயம்பட்ட சிறுநீரகம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கிறது. மருந்துச்சீட்டோ மாறாமல் கட்டிலருகே தொங்குகிறது. ஆபத்து அந்த இடைவெளியில்தான்.

மருந்தின் அளவு மருந்துக்கே உரிய குணம் என்று நாம் நம்புகிறோம். உண்மையில் உள்ளே போவது இன்ன வேகத்தில் வெளியேறும் என்ற அனுமானத்தின் மீதுதான் அது நிற்கிறது. ஜென்டாமைசினை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் நலமாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். சிறுநீரகம் நின்றுபோனால் அதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். தங்கிவிட்ட அம்மருந்து சிறுநீரகத்தையே மேலும் புண்ணாக்கவும் கூடும். மார்ஃபினின் கதை இன்னும் நுட்பமானது. அதைக் கல்லீரல் மாற்றிவிடுகிறது. ஆனால் மாறிப் பிறந்த பொருள்களில் ஒன்றுக்கும் மார்ஃபினின் வீரியம் உண்டு, அது வெளியேறும் வழி சிறுநீரகமே. நோயாளி மயங்கிக் கிடப்பார், மூச்சு மந்தமாகும். நோய் முற்றிவிட்டது என்று உறவினர் அழுதுகொண்டிருப்பார்கள். (கல்லீரலும் முழுக்கத் தப்புவதில்லை, இரத்தத்தில் தேங்கும் கழிவுகள் அதன் நொதிகளையும் மந்தப்படுத்துகின்றன.)

சரி, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து மருந்தைக் குறைக்கலாமே? அளக்கும் கருவி க்ரியேட்டினின். வயது, எடை, க்ரியேட்டினின் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம் 1976இல் வந்தது. க்ரியேட்டினின் நிலையாக இருக்கிறது என்பதே அதன் ஆதாரம். சிறுநீரகம் இன்று காலை அடியோடு நின்றாலும் இரத்தத்தில் அந்த எண் நாள்கணக்கில் படிப்படியாகத்தான் ஏறும். நாளை வரும் சோதனைத்தாள், பாதி வேலை நடக்கிறது என்று சொல்லும். நடப்பதோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. தேறும்போது இதுவே தலைகீழாகிறது: சிறுநீரகம் விழித்துவிட்டிருக்கும், தாளில் எண் இன்னும் உயரத்தில் இருக்கும்.

இதைக் கேட்டு எல்லா மருந்தையும் உடனே குறைத்துவிடுவதுதான் விவேகம் என்று தோன்றலாம். நமக்கு அதில் உடன்பாடில்லை. இரத்தத்தில் கிருமி பரவியதால் சிறுநீரகம் சுணங்கியவருக்கு முதல் வேளை ஆன்டிபயாடிக்கைக் குறைப்பது பெரும் பிழை. முதல் வேளையின் அளவு, மருந்து உடலில் எவ்வளவு இடத்தில் பரவ வேண்டும் என்பதைப் பொறுத்தது. வெளியேறும் வேகம் அடுத்தடுத்த வேளைகளின் கவலை. நரம்பு வழியே ஏற்றிய நீரால் அந்த இடம் விரிந்துமிருக்கும். பலருக்குச் சிறுநீரகம் ஓரிரு நாளில் மீளத் தொடங்கிவிடுகிறது. அதற்குள் கிருமி முந்திவிடலாம்.

எனவே மருந்துச்சீட்டு தினமும் புதிதாக எழுதப்பட வேண்டிய ஒன்று என்பதே நம் கட்சி. 'அந்த மருந்து உடம்பை விட்டு எந்த வழியாகப் போகிறது, டாக்டர்?' என்று கட்டிலருகே நிற்பவரும் கேட்கலாம். அதற்கு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை.