ஐந்தில் வளைக்கலாம், ஒடிக்கலாகாது



சாலாக் செலாத்தானிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் குடும்பம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளைப் பள்ளியில் ஜிம்னாஸ்டிக் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். வீட்டிலும் பழக்க வேண்டும் என்று அவளுடைய அப்பா தினமும் இரவில் அவள் கால்களை விரித்து வைத்துத் தொடையை அழுத்துகிறார். பிள்ளை அழுகிறாள். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பது அவர் பதில். "நான் அவருக்கு என்ன சொல்லட்டும், ஐயா?" என்று அந்தத் தாயார் கேட்கிறார்.

நல்ல கேள்வி. இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. தொலைபேசியில் யாரோ ஒரு பிள்ளை கால்களை நேர்கோடாக விரிப்பதைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளைக்கும் அது ஒரு வாரத்தில் வந்துவிட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் பலர். ஆகவே இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் அந்தத் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆசை குற்றமில்லை. பிள்ளைக்காக வேலை முடிந்து வந்த களைப்பிலும் உட்காருகிறீர்களே, அது பெரிய காரியம். ஆனால் நம் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டியவர்கள். மரம் சுமார் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வரும்வரை அதில் கத்தி வைக்கமாட்டார்கள். வைத்த பிறகும் பட்டையை அளவோடுதான் சீவுவார்கள். ஆழமாக வெட்டினால் அன்றைக்கு நாலு சொட்டு கூடக் கிடைக்கலாம், ஆனால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை சரியாக வளராது, பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. பிள்ளையின் உடம்பும் அப்படித்தான். பழமொழி ஐந்தில் வளையச் சொல்கிறது. ஐந்தில் ஒடிக்கச் சொல்லவில்லை.

எட்டு வயதுப் பிள்ளையின் எலும்புகளின் முனைகளில் வளர்ச்சிக்கான மென்மையான பகுதிகள் இருக்கின்றன. மணிக்கட்டு, குதிகால், முழங்கால், இடுப்பு ஆகிய இடங்களில் திரும்பத் திரும்ப அதிக பாரம் விழுந்தால் அங்கே நோவு உண்டாகும். தசையை வெளியிலிருந்து ஒருவர் பலமாக அழுத்தினால், அது தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும், சில வேளை கிழிந்தும் போகும். பிள்ளை அழுகிறாள் என்றால் அவள் உடம்பு "போதும்" என்கிறது என்று பொருள். இழுப்பது போன்ற உணர்வு இருக்கலாம், வலி இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் இன்றிரவே கடைப்பிடியுங்கள்.

இந்த விளையாட்டில் எதற்குப் புள்ளி கிடைக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி, 14 வயதில், முதன்முதலாக 10-க்கு 10 வாங்கினார். ஸ்கோர் பலகையில் 10.00 என்று காட்ட வசதியில்லாமல் 1.00 என்று காட்டியது. 2006-க்குப் பிறகு முறை மாறிவிட்டது. இப்போது செய்யும் வித்தையின் கடினத்துக்கு ஒரு புள்ளி, செய்த நேர்த்திக்கு ஒரு புள்ளி. நேர்த்திப் புள்ளி 10-இலிருந்து தொடங்கிக் குறைந்துகொண்டே போகும். சிறு தவறுக்கு 0.1, நடுத்தரத் தவறுக்கு 0.3, பெரிய தவறுக்கு 0.5. கீழே விழுந்தால் முழுதாக 1 புள்ளி போய்விடும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? முழங்கால் மடங்கியது, கால் விரல் நீளவில்லை, தரையில் இறங்கும்போது ஓர் அடி தள்ளாடியது என்பவைதான் தொடக்கநிலைப் பிள்ளைகளின் புள்ளியை மெல்ல மெல்லத் தின்பவை. ஆகவே வீட்டில் பெரிய வித்தை பழக வேண்டியதில்லை. நேர்த்தியைப் பழகினால் போதும். அதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

இனி வீட்டுப் பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள். பள்ளியில் பயிற்சி இருக்கும் நாளில் வீட்டில் வேண்டாம். சாப்பிட்ட உடனும் வேண்டாம். காலுறை போட்டுக்கொண்டு சிமெந்துத் தரையிலோ ஓட்டுத் தரையிலோ செய்தால் வழுக்கும், வெறுங்காலே நல்லது.

முதலாவது, உடம்பைச் சூடாக்குவது. நின்ற இடத்திலேயே ஓடுதல், கயிறு தாண்டுதல், கைகளைச் சுழற்றுதல், மணிக்கட்டை மெல்லச் சுழற்றுதல். ஐந்து முதல் பத்து நிமிடம், லேசாக வியர்க்கும் வரை. குளிர்ந்த உடம்பை ஒருபோதும் இழுக்காதீர்கள்.

இரண்டாவது, வயிற்றுக்கும் முதுகுக்கும் பலம். பிள்ளை மல்லாந்து படுத்து, கீழ்முதுகு பாயை விட்டு எழாதபடி, தலையையும் தோளையும் கால்களையும் சற்று உயர்த்தட்டும். பார்த்தால் சிறு தோணி போல இருக்கும். 10 வினாடி, மூன்று முறை. பிறகு குப்புறப் படுத்துக் கைகளையும் கால்களையும் லேசாக உயர்த்தி 10 வினாடி, மூன்று முறை. இவ்விரண்டும் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் தலைகீழாக நிற்பதற்கும் கம்பியில் ஆடுவதற்கும் அடிப்படை இந்தத் தோணி உருவந்தான்.

மூன்றாவது, கோட்டின் மேல் நடை. பெண்களுக்கான சமநிலைக் கட்டை 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரம் நமக்கு வேண்டாம், அகலம் மட்டும் போதும். தரையில் சுண்ணக்கட்டியால் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். அதற்குள் நிமிர்ந்து, பார்வையைக் கோட்டின் கடைசியில் வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கட்டும். பிறகு நுனிக்காலில். பிறகு ஒற்றைக் காலில் நின்று ஐந்து எண்ணட்டும். தரையில் ஆடாமல் செய்ய முடியாததைக் கட்டைமேல் செய்ய முடியாது.

நான்காவது, இறங்குதல். நின்ற இடத்தில் சிறிதாகக் குதித்து, இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் படும்படி, முழங்காலை மடக்கி, கைகளை முன்னே நீட்டி அசையாமல் மூன்று எண்ண வேண்டும். முழங்கால்கள் ஒன்றையொன்று இடிக்கக் கூடாது. ஒரு நாளைக்குப் பத்து முறை போதும். விழாமல் இறங்கக் கற்ற பிள்ளைக்குப் பயம் போகும், காயமும் குறையும்.

ஐந்தாவது, கால் விரிப்பு. இதைக் கடைசியில், உடம்பு நன்றாகச் சூடான பிறகே செய்ய வேண்டும். பிள்ளை தானாகவே முன்காலை நீட்டி, இரண்டு கைகளையும் இருபுறமும் ஊன்றி, தன்னால் முடிந்த அளவுக்கு இறங்கட்டும். இடுப்பு ஒரு பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 20 முதல் 30 வினாடி இருந்துவிட்டு எழட்டும். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். பெற்றோரின் கை அவள் மேல் படவே வேண்டாம், அருகில் உட்கார்ந்து வினாடி எண்ணினால் போதும். தரைக்கும் காலுக்கும் இடையே உள்ள இடைவெளி மாதக் கணக்கில் மெல்லக் குறையும். சில பிள்ளைகளுக்கு அது முழுதும் குறையாமலும் போகலாம். அதற்காக அவளைக் குறை சொல்லாதீர்கள்.

குட்டிக்கரணம், சுவரோரமாகக் கையூன்றித் தலைகீழாக நிற்பது ஆகியவற்றைப் பள்ளியில் பயிற்றுநர் சொல்லிக் கொடுத்து, "வீட்டில் செய்யலாம்" என்று சொன்ன பிறகே செய்ய வேண்டும். குட்டிக்கரணத்தில் தாடை நெஞ்சைத் தொட வேண்டும், உச்சந்தலையில் பாரம் விழக் கூடாது. பின்னோக்கிப் புரள்வது, காற்றில் சுழல்வது, கட்டில் மெத்தையில் குதிப்பது, கதவுச் சட்டத்திலோ துணிக்கம்பியிலோ தொங்குவது, இவை எதுவும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அதற்குப் பஞ்சணைகளும் பிடித்துக்கொள்ளத் தெரிந்த கைகளும் வேண்டும்.

கருவியோடு ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக் வேறு வகை. அதில் பந்து, வளையம், தடி, ரிப்பன், கயிறு ஆகியவை உண்டு. அதைப் பழகும் பிள்ளைக்கு ஒரு ரப்பர் பந்து போதும். பந்தை விரலால் பற்றாமல் உள்ளங்கையில் தாங்குவது, நீட்டிய கை வழியே தோள்வரை உருட்டுவது, ஒரு கையால் தூக்கிப் போட்டு மறு கையால் ஓசையின்றி ஏந்துவது, இவை வீட்டு முன்கூடத்திலேயே செய்யக்கூடியவை.

இந்த வகையில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1998-இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது, ரிதமிக் ஜிம்னாஸ்டிக் குழுப் போட்டியில் மலேசியா தங்கம் வென்றது. தை சீ கியாட், கரோலின் ஆவ் யோங், எல் ரெஜினா தாஜுடின், சரினா சுந்தர ராஜா ஆகிய நால்வர் அந்தக் குழுவினர். கடைசிப் பெயர் நம் காதுக்குப் பழகிய பெயர் அல்லவா? அந்தப் பெயரை உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அந்தப் போட்டிகளுக்காக எழுந்த புக்கிட் ஜாலில் விளையாட்டு வளாகம் சாலாக் செலாத்தானிலிருந்து இலகு ரயிலில் நான்கே நிலையம். அந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நம்மவர்கள் வியர்வை சிந்திய மண் அது. அங்கே இன்று நம் பிள்ளைகள் விளையாட்டாளர்களாகப் போகலாம், அது யாரோ பிறருடைய இடம் என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகள் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக நடக்கின்றன. உங்கள் பிள்ளையின் வழி எது என்று உடற்கல்வி ஆசிரியரை நேரில் போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

பாதம் தட்டையாக இருக்கிறது, என் பிள்ளைக்கு இது வருமா என்று கேட்போர் உண்டு. இந்தியாவின் திரிபுரா மாநிலத்து அகர்தலாவில் பிறந்த தீபா கர்மாகருக்கும் தட்டைப் பாதந்தான். ஆறு வயதில் தொடங்கினார். பயிற்றுநர் விஸ்வேஸ்வர் நந்தி பொறுமையாகப் பழக்கினார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் போட்டியின் இறுதிச் சுற்றில் 15.066 புள்ளி பெற்று நான்காவதாக வந்தார். வெண்கலம் 0.15 புள்ளியில் தவறியது. அப்போது அவருக்கு வயது 23. ஆறுக்கும் இருபத்து மூன்றுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள்! ஒரு மாதத்தில் பிள்ளையை வளைத்துவிட நினைக்கும் நாம் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

உடை பற்றியும் சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். 2015-இல் சிங்கப்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் நம் ஃபாரா ஆன் அப்துல் ஹாடி ஆறு பதக்கம் வென்றபோது, அவருடைய உடையைப் பற்றித்தான் சிலர் பேசினார்கள். அவர் தளரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். 2021-இல் நடந்த அதே ஒலிம்பிக்கில் ஜெர்மனி நாட்டுப் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில் ஆடினார்கள், விதி அதற்கு இடம் தருகிறது. ஆகவே உடைக்காக ஒரு பெண்பிள்ளையின் திறமையை வீட்டிலேயே பூட்டி வைக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். "கூடாது" என்று சொல்லும் இடத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக் பெண்பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்வதாகச் சொல்லிப் பல ஆண்டுகள் தவறாக நடந்த ஒரு மருத்துவர் 2018-இல் நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தப் பெண்களில் சிலர் முன்பே பெரியவர்களிடம் சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் நம்பவில்லை. உங்கள் பிள்ளை "அங்கே போகப் பிடிக்கவில்லை" என்றால், சோம்பல் என்று முடிவு கட்டாமல், ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

சாப்பாட்டைக் குறைத்து உடம்பை மெலிய வைக்கும் வேலையும் வேண்டாம். சோறு, பருப்பு, முட்டை, நெத்திலி, கீரை, பால், பழம், இவையே வளரும் பிள்ளைக்குப் பலம். இரவில் குறைந்தது ஒன்பது மணி நேரம் தூங்க வேண்டும். மணிக்கட்டிலோ குதிகாலிலோ கீழ்முதுகிலோ வலி சில நாள் தொடர்ந்தால் எண்ணெய் தடவிவிட்டு மறுநாளும் அனுப்பாதீர்கள். பயிற்சியை நிறுத்தி, கிளினிக்கில் காட்டுங்கள்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் இவ்வளவும் பொருந்தும். பெண்களுக்கு நான்கு கருவி என்றால் அவர்களுக்கு ஆறு, அவ்வளவே வித்தியாசம்.

பதக்கம் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது. ஆனால் நிமிர்ந்து நடக்கவும், விழுந்தால் எழவும், பலர் முன்னிலையில் கூச்சமின்றி நிற்கவும் இந்த விளையாட்டு எல்லாப் பிள்ளைக்கும் கற்றுத்தரும். நம் பிள்ளைகளுக்கு அது சிறிய சொத்தா? இன்றிரவு கால்களை அழுத்துவதை விட்டுவிட்டு, தரையில் இரண்டு கோடு போடுங்கள். அதில் நீங்களும் ஒருமுறை நடந்து காட்டுங்கள், அப்பா தடுமாறுவதைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டே பழகும் பிள்ளை நாளைக்கும் வந்து பழகும்.

உங்கள் ஐயங்களைத் தொடர்ந்து எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.