சத்தத்தை அளப்போம்

பெருநாள், பெரஹரா, தேர்த் திருவிழா, நத்தார் எல்லாம் நிறைந்த ஊர் எங்கள் பதுளை. ஒலிபெருக்கிகளுக்கும் குறைவில்லை. சத்தம் கூடிவிட்டது என்று ஒருவர் முறையிட்டால், “யாருடைய சத்தம்?” என்றுதான் முதலில் கேட்கிறோம். “எவ்வளவு சத்தம்?” என்று கேட்பவர் அரிது. இதனால் சத்தத்தைப் பற்றிய முறைப்பாடு ஒரு சமூகத்தைப் பற்றிய முறைப்பாடாக மாறிவிடுகிறது.

எவ்வளவு என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபெல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதிகளில் 55, 45. பாடசாலை, வைத்தியசாலை, பொது நூலகம் போன்றவற்றைச் சுற்றி 100 மீற்றர் அமைதி வலயம். அங்கே 50, 45. ஆகவே பதுளைக்கும் பண்டாரவளைக்கும் ஒரே அளவு. சுற்றியுள்ள தோட்டங்களுக்கு அதைவிடக் குறைந்த அளவு. 63க்கும் 55க்கும் இடையில் ஒலியின் சக்தி ஆறு மடங்கு வேறுபடுகிறது. ஆனால் லயத்து அறையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் அதை அளக்கக் கருவி ஏது?

வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாதென்று பணித்தது. விசேட நிகழ்வுகளுக்கே விலக்கு. சுபஹுப் பாங்கும் அந்த நேரத்துக்குள்தான் வருகிறது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால், மெதுவாக ஒலிக்கும் பாங்கும் ஊரை அதிரவைக்கும் பாட்டும் ஒன்றுதான். டெசிபெல் பார்த்தால்தான் இரண்டும் வேறு என்று தெரியும்.

அயல்நாட்டுச் சென்னையில் 2011 முதல் நிலையான கருவிகள் இரவு பகலாக ஒலியை அளந்து பதிவு செய்கின்றன. எங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே வேண்டாம். ஒவ்வொரு சபையிடமும் ஓர் ஒலிமானி இருக்கட்டும். ஒலிபெருக்கி அனுமதிப் பத்திரத்தில் நேரத்தோடு டெசிபெல் அளவும் எழுதப்படட்டும். அருகிலுள்ள வீட்டு வாசலில் நின்று அளக்கட்டும்.

முதல் அளவை எங்கள் பள்ளிவாசல்களிலேயே எடுக்கலாம். பாங்கு வெளியே கேட்கட்டும். நீண்ட பயான்களுக்கு உள் ஒலிபெருக்கி போதும். குரலைத் தாழ்த்தும்படி லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையைக் குர்ஆனில் ஓதுகிறவர்கள் நாங்கள். நாங்கள் அளந்து காட்டினால், மற்றவர்களிடமும் அளக்கச் சொல்லிக் கேட்கலாம்.